ஒரே நாளில் ஃப்ளாரன்ஸ்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ரோமில் ஒரு வாரம் தங்குகிறீர்கள். அதில் ஒரு நாள் காலை ரயிலில் ஃப்ளாரன்ஸ் போய் இரவே திரும்ப வேண்டும். உங்களோடு மனைவியும், முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார்கள். மூன்று பேருக்கும் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை பற்றி எதுவும் தெரியாது. உஃபிசி அருங்காட்சியகமும் மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையும் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய இன்னொரு வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: “புரியாமல் சுற்றிவிட்டு வரக் கூடாது.” அதனால், முன்னறிவு இல்லாத ஒருவர் பத்து மணி நேரத்தில் எதைப் பார்த்தால் புரிந்து பார்க்க முடியும் என்பதே கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உஃபிசியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஓவியச் சேகரிப்புகளில் ஒன்று அது; அதனால்தான் சொல்கிறேன். வரிசையில் நிற்பதையும் சேர்த்தால் அரை நாள் அங்கேயே போய்விடும். அங்கிருக்கும் பழைய படங்களில் பல, ஏதோ ஒரு ஆலயத்தின் பீடத்துக்காக வரையப்பட்டு, பிறகு கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. பின்னணி தெரியாதவருக்குப் பத்தாவது அறையிலேயே எல்லா மாதா படங்களும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஃப்ளாரன்ஸில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. 1401-க்கும் 1440-க்கும் இடையில், ஒருவரையொருவர் நன்றாக அறிந்த ஒரு சிலர், கட்டடம் கட்டுவதையும் படம் வரைவதையும் சிலை செய்வதையும் சேர்த்தே மாற்றினார்கள். அவர்கள் செய்தவற்றில் முக்கியமானவை செய்த சுவரிலேயே, கட்டிய தெருவிலேயே இன்னும் இருக்கின்றன. எல்லாம் நடக்கும் தூரம். அந்த நாற்பது வருடத்தை மட்டும் ஒரு நாளில் பார்த்துவிட முடியும்.

நான் கட்டடக்கலை படித்தவன். பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கான பயிற்சியில் ஒரு பகுதி இந்த ஊரில்தான் நடந்தது. ஆகவே கல், செங்கல், சாந்து பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஓவியத்தை எனக்கு இடம், அளவு, வெளிச்சம் இவற்றை வைத்துத்தான் படிக்கத் தெரியும். வண்ணங்களைப் பற்றியும் சமயப் பொருளைப் பற்றியும் ஒரு கலை வரலாற்று ஆசிரியர் இதைவிட ஆழமாகச் சொல்வார்.

கிழமை முக்கியம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஞாயிறு காலை ஆலயங்களில் திருப்பலி நடப்பதால் பார்வையாளர்களை விடமாட்டார்கள். கீழே நான் சொல்லப்போகும் ஆலயங்களில், செவ்வாய் பிரான்காச்சி சிற்றாலயத்துக்கு விடுமுறை, புதன் சாந்தோ ஸ்பிரித்தோவுக்கு, வெள்ளி காலை சாந்தா மரியா நொவெல்லா தாமதமாகத் திறக்கும். என்னைக் கேட்டால் வியாழக்கிழமை போங்கள். நேரங்களை அடிக்கடி மாற்றுவார்கள், பராமரிப்பு வேலைக்காகச் சாரம் கட்டியும் வைத்திருப்பார்கள். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டுக்கு மட்டும் கட்டாயம் முன்பதிவு வேண்டும்: பேராலயக் குவிமாடத்தில் ஏறுவதற்கும் பிரான்காச்சிக்கும். அப்புறம், தோளும் முழங்காலும் மூடிய உடையாக இருக்கட்டும்.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்கும் நிலையத்தின் பெயரே சாந்தா மரியா நொவெல்லா. 1930-களில் கட்டியது, எதிரே இருக்கும் அதே பெயருள்ள பழைய ஆலயத்துக்குப் போட்டியாக எழாமல் தாழ்வாக, அதே பழுப்புக் கல்லில் நிற்கிறது. வெளியே வந்தால் ஆலயத்தின் பின்புறம் தெரியும். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போங்கள், ஐந்து நிமிடம்தான். வெள்ளையும் பச்சையுமான பளிங்கு முகப்பின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி பழையது. மேல்பாதியை 15-ஆம் நூற்றாண்டில் அல்பெர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் முடித்தார். பக்கவாட்டுக் கூரைகளின் சரிவை மறைக்க இரண்டு பெரிய சுருள்களை வைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஆலய முகப்புகளில் அந்தச் சுருளைக் காணலாம். செலவு செய்த வணிகர் ஜொவான்னி ருச்செல்லாய் தன் பெயரை 1470 என்ற ஆண்டோடு மேலே பெரிய எழுத்தில் பொறிக்கவைத்திருக்கிறார்.

உள்ளே போனதும் வேறு எதையும் பார்க்காமல் இடது பக்கச் சுவருக்குப் போங்கள். மசாச்சோ என்ற ஓவியர் வரைந்த ‘திரித்துவம்’ என்ற சுவரோவியம் அங்கே இருக்கிறது. 1425-27 வாக்கில், அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது, ஈரச் சாந்தின் மேல் வரைந்தது. உயரம் ஆறரை மீட்டருக்கு மேல். சிலுவையில் இயேசு, பின்னால் நின்று சிலுவையைத் தாங்கும் தந்தையாகிய கடவுள், இருபுறமும் மரியாவும் யோவானும், அவர்களுக்கு வெளியே மண்டியிட்ட ஓர் ஆணும் பெண்ணும். இவர்களுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. அதன் வளைந்த கூரையில் கட்டம் கட்டமான பலகைகள். அந்த அறை முழுவதும் வெறும் சாந்தும் வண்ணமும்தான்.

சுவரை ஒட்டி நிற்காதீர்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுக்கூடம் வரை வாருங்கள். ஓர் இடத்தில் அந்தக் கூரை சட்டென்று உள்வாங்கி, சுவரில் நிஜமாகவே ஒரு சிற்றாலயம் தோண்டியிருப்பதுபோல் ஆகிவிடும். காரணம் இதுதான்: கூரையின் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடுகின்றன, அந்தப் புள்ளியைச் சிலுவையின் அடியில், தரையில் நிற்கும் மனிதரின் கண் உயரத்துக்கு அருகில் வைத்திருக்கிறார். அதனால்தான் கூரையைக் கீழிருந்து பார்க்கிறீர்கள், மண்டியிட்டவர்களை நேருக்கு நேர் பார்க்கிறீர்கள். அப்புறம் அருகே போய்ப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கூரைப் பகுதியில் சாந்து காய்வதற்குள் கூரிய முனையால் கீறிய கோடுகள் தெரியும். நூலைப் பிடித்து, இழுத்து, கோடு போட்டிருக்கிறார். ஒரு கொத்தனாரின் வேலைக்கும் ஓவியரின் வேலைக்கும் இடைவெளியே இல்லாத இடம் அது.

இதில் எது உறுதி, எது ஊகம்? மசாச்சோ வரைந்தார் என்பது உறுதி. பேராலயக் குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லெஸ்கி கணக்குப் போட்டுக் கொடுத்து உதவினாரா என்பது ஊகம். வரைந்திருக்கும் தூண்களும் வளைவும் புருனெல்லெஸ்கியின் கட்டடங்களில் இருப்பவற்றோடு அவ்வளவு பொருந்துவதால் நான் நம்பச் சாய்கிறேன், ஆனால் ஆவணம் கிடையாது. மண்டியிட்டிருக்கும் இருவர் யார் என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இன்னொரு உறுதியான விஷயம்: 1570 வாக்கில், ஓவியரும் கலைஞர்களின் வரலாற்றை எழுதியவருமான வசாரி இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு கல் பீடத்தை எழுப்பி மறைத்துவிட்டார். சுவரே துளைத்ததுபோல் இருக்கிறது என்று இதைப் புகழ்ந்து எழுதியவரும் அவரே. மறைத்தாரே தவிர அழிக்கவில்லை. சுமார் முந்நூறு வருடம் கழித்து, 1860-களை ஒட்டி, பீடத்தை எடுத்தபோது படம் வெளியே வந்தது. கீழே கல்லறை மேல் கிடக்கும் எலும்புக்கூட்டை 1952-இல்தான் மறுபடி கண்டுபிடித்து மேல்பகுதியோடு சேர்த்தார்கள். “நீங்கள் இப்போது இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இப்போது இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள்” என்பது அதன் மேல் எழுதியிருப்பதன் பொருள். இந்த ஒரு படத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள். திரும்பும்போது நடுக்கூடத்தில் தொங்கும் ஜோத்தோவின் சிலுவையையும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். மசாச்சோவுக்கு நூறு வருடத்துக்கும் முந்தைய அதில் உடலின் பாரம் கீழ்நோக்கி இழுப்பது தெரியும்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் பேராலயச் சதுக்கம். முதலில் எண்கோணமான திருமுழுக்கு ஆலயம். அது பழைய ரோமர்களின் போர்க்கடவுள் கோயில் என்று அந்தக் காலத்து ஃப்ளாரன்ஸ்காரர்கள் நம்பினார்கள். அது தவறு; இப்போது இருக்கும் கட்டடம் 11, 12-ஆம் நூற்றாண்டு வேலை. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கைதான் புருனெல்லெஸ்கி தலைமுறையைப் பழைய ரோமாபுரி பக்கம் திருப்பியதில் ஒரு பங்கு வகித்தது என்று நினைக்கிறேன். பேராலயத்தின் நடுவாசலில் நின்று இதைப் பாருங்கள். அதே இடத்திலிருந்து தெரியும் காட்சியைப் புருனெல்லெஸ்கி ஒரு சிறு பலகையில் வரைந்து, நடுவில் துளை போட்டு, பின்பக்கத்திலிருந்து அந்தத் துளை வழியாகக் கண்ணாடியில் பார்க்கச் செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். பலகை இன்று இல்லை. சற்று முன் திரித்துவத்தில் பார்த்த, கோடுகளை ஒரே புள்ளிக்கு ஓடவிட்டு ஆழம் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறைக்கு அந்தச் சோதனைதான் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இந்தத் திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவு ஒன்றுக்காக 1401-இல் ஒரு போட்டி நடந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை எல்லோரும் வெண்கலத்தில் செய்ய வேண்டும். கடைசியில் நின்றவர்கள் கிபெர்ட்டியும் புருனெல்லெஸ்கியும். வேலை கிபெர்ட்டிக்குப் போனது. தன்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கிபெர்ட்டி எழுதி வைத்திருக்கிறார். இருவரையும் சேர்ந்து செய்யச் சொன்னார்கள், புருனெல்லெஸ்கிதான் மறுத்தார் என்று அவருடைய ஆதரவாளர் எழுதினார். இரண்டுமே வேண்டியவர்கள் சொன்ன சாட்சி என்பதால் எதையும் முழுதாக நம்ப முடியாது. இரண்டு பலகைகளும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே இருக்கின்றன. கிபெர்ட்டி பெரும்பாலும் ஒரே வார்ப்பாகச் செய்தார், புருனெல்லெஸ்கி தனித்தனியாக வார்த்துப் பலகையில் பொருத்தினார்; அதனால் கிபெர்ட்டியின் பலகை எடை குறைவு, வெண்கலச் செலவும் குறைவு. இன்னொரு நாள் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள்.

இனி குவிமாடம். பேராலயத்தை 1296-இல் தொடங்கினார்கள். 14-ஆம் நூற்றாண்டிலேயே குவிமாடத்தின் அளவை முடிவு செய்து, அதற்கேற்ற எண்கோண அடித்தளத்தையும் எழுப்பிவிட்டார்கள். உள்ளே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கிட்டத்தட்ட 45 மீட்டர், அதுவும் தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே. எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் கூரை போடும்போது கீழே முட்டுக் கொடுத்து சென்ட்ரிங் அடிப்பார்கள் இல்லையா, வளைவு கட்டவும் அப்படித்தான் மரச்சட்டம் வேண்டும். அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் மரம் கிடைப்பதே சிரமம்; கிடைத்தாலும் தன் பாரத்தையே தாங்குமா என்பது சந்தேகம். சென்ட்ரிங் இல்லாமலே கட்டுகிறேன் என்று புருனெல்லெஸ்கி சொன்னார். 1420-இல் தொடங்கி 1436-இல் மூடினார். முட்டையை மேசையில் தட்டி நிற்கவைத்துக் காட்டி வேலையை வாங்கினார் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். அது வெகுநாள் கழித்து எழுதப்பட்டது, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி நின்றது என்பதில் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை: அது ஒன்றல்ல, முட்டை ஓடு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். உள்ளோடு தடிமன், வெளியோடு மெல்லியது, இரண்டையும் விலா எலும்புகள் போன்ற சுவர்கள் பிணைக்கின்றன. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவதுபோலக் கல்லாலும் இரும்பாலும் மரத்தாலும் சங்கிலி வளையங்கள் சுற்றியிருக்கின்றன. படுக்கை வரிசைச் செங்கல்களுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு செங்கல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அடுத்த வரிசையில் அது கொஞ்சம் நகர்ந்து நிற்கும். இப்படி மீன்முள் மாதிரி சரிந்து மேலேறும் வரிசை, சாந்து இறுகும்வரை புதுச் செங்கல்கள் உள்ளே வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்கிறது. எண்கோணமாக இருந்தாலும் சுவரின் தடிமனுக்குள் முழு வட்டம் ஒன்று அடங்குவதால் ஒவ்வொரு வரிசையும் மூடிய வளையமாகித் தன்னைத் தானே தாங்கியது என்ற விளக்கத்தையும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எட்டு முகங்களும் மேலே பிசகாமல் சேர எப்படி அளவு பிடித்தார் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அவர் வரைபடமோ குறிப்போ விட்டுவைக்கவில்லை. நாற்பது லட்சம் செங்கல் என்று சொல்வது மதிப்பீடுதான். விரிசல்கள் இருப்பது உண்மை. பழைய விரிசல்கள், 1980-களிலிருந்து கருவிகள் பொருத்திக் கண்காணிக்கிறார்கள்.

மேலே போக 463 படிகள், லிஃப்ட் கிடையாது, திரும்பி வரவும் வழியில்லாத குறுகலான இடங்கள் உண்டு. அம்மாவை ஏற்றாதீர்கள். நீங்களும் மனைவியும் ஏறுங்கள். இரண்டு ஓடுகளுக்கும் நடுவில்தான் படிக்கட்டு போகிறது. மேலே போகப் போக இருபுறச் சுவரும் தலைமேல் சாயும். அவசரப்படாமல் சுவரைப் பாருங்கள், மீன்முள் வரிசை பூச்சில்லாமல் தெரியும் இடம் வரும். செங்கல் நம் ஊர்ச் செங்கலைவிட நீளமாக, தட்டையாக இருக்கும். சாந்துப் பூச்சு இல்லாத அந்த ஒரு சில அடிச் சுவர் எனக்கு அந்தப் பேராலயத்தின் மிகச் சிறந்த பகுதி. வழியில் உள்பக்க ஓவியத்தை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. அந்தக் கடைசித் தீர்ப்பு ஓவியம் 1570-களில் வசாரியும் ஜுக்காரியும் செய்தது. கீழிருந்து பார்க்க வரைந்த ராட்சத முகங்களைப் பக்கத்தில் பார்ப்பது ஒரு அனுபவம் என்பதைத் தவிர அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. புருனெல்லெஸ்கி விட்டது வெண்பூச்சுத்தான் என்று வைத்துப் பார்க்கிறேன், அது இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கீழே வந்தபின் வெளியே தென்கிழக்குப் பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்துக்கு அடியில் இருக்கும் எட்டு முகங்களில் ஒன்றில் மட்டும் பளிங்கு நடைமாடம் இருக்கும். மற்ற ஏழும் கரடுமுரடாக வெறும் கல்லும் செங்கலுமாக விட்டிருப்பார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்கரிக்க ஆரம்பித்து ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். சில்வண்டுக் கூண்டு மாதிரி இருக்கிறது என்று மிக்கேலாஞ்சலோ சொன்னதால் நின்றது என்பது மரபுவழிச் செய்தி. உச்சியில் இருக்கும் செம்பு உருண்டை 1471-இல் வெரோக்கியோ பட்டறையில் செய்து ஏற்றியது. 1600-இல் மின்னல் தாக்கி உருண்டு விழுந்தது, அதன் பிறகு புதிதாக வைத்தார்கள். விழுந்த இடத்தில், பேராலயத்தின் பின்னால் தரையில் ஒரு வெள்ளைப் பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் மிதித்துக்கொண்டு போவார்கள். முன்பக்க முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், அது 1887-இல் முடித்தது.

நீங்கள் ஏறும் நேரத்தில் அம்மா பேராலயத்தின் பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். லிஃப்ட் உண்டு, உட்கார இடம் உண்டு. நீங்களும் இறங்கியதும் அங்கே போய்ச் சேருங்கள். திருமுழுக்கு ஆலயத்துக் கதவுகளில் வெளியே இப்போது இருப்பவை பிரதிகள், அசல் இங்கே. கிபெர்ட்டியின் இரண்டாவது கதவு, 1425-இலிருந்து 1452 வரை செய்த தங்க முலாம் பூசிய பத்துப் பலகைகள். ஒரே பலகையில் முன்னால் நிற்பவர் கிட்டத்தட்ட முழுச்சிலையாக வெளியே துருத்தி நிற்பார், பின்னால் போகப் போகத் தடிமன் குறைந்து கடைசியில் கோடு மட்டும் மிஞ்சும். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் இந்தப் பத்தில் ஐந்து பலகைகள் பெயர்ந்து விழுந்தன. அதன்பின் நடந்த சீரமைப்பு 2012 வரை போனது. இதே அருங்காட்சியகத்தில் தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய, இயேசுவின் சீடரான மகதலேனா இருக்கிறாள்: பல் விழுந்து, கன்னம் ஒட்டி, தன் தலைமுடியையே ஆடையாகப் போர்த்திய கிழவி. உங்கள் அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். மிக்கேலாஞ்சலோ தன் கல்லறைக்காகச் செய்து, பாதியில் தானே உடைத்த சிற்பமும் இங்கேதான். புருனெல்லெஸ்கியின் இறந்த முகத்திலிருந்து எடுத்த வார்ப்பும், குவிமாட வேலையில் பயன்பட்ட கப்பிகளும் கருவிகளும் உண்டு.

சாப்பிட்டுவிட்டு தெற்கே போகும் கால்சாயுவோலி தெருவில் ஓர்சான்மிக்கேலே வரை நடங்கள். தானியச் சந்தையாக இருந்து ஆலயமான சதுரக் கட்டடம். ஊரின் தொழிற்சங்கங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சுவர் மாடத்தில் தங்கள் காவல் புனிதருக்கு ஒரு சிலை வைத்தன. கல், மரவேலைக்காரர்கள் வைத்தது நான்னி தி பாங்கோ செய்த நான்கு புனிதர்கள். சிலை செய்ய மறுத்துக் கொல்லப்பட்ட சிற்பிகள் என்பது அவர்கள் கதை. சிலைகளைவிட அவற்றின் காலடியில் இருக்கும் சிறு பலகையைப் பாருங்கள். ஒருவர் சுவர் கட்டுகிறார், ஒருவர் துளையிடுகிறார், ஒருவர் கவராயம் வைத்து அளக்கிறார், ஒருவர் குழந்தை உருவம் ஒன்றைச் செதுக்குகிறார். சற்று முன் நீங்கள் ஏறிவந்த குவிமாடம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் செய்தது இது. அதைக் கட்டிய மாதிரி ஆட்களைத்தான் பார்க்கிறீர்கள். சிலைகளில் பெரும்பாலானவற்றின் அசல் மேல்மாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தெருவில் நிற்பவை பிரதிகள்.

டேவிட் பற்றிக் கேட்டீர்கள். அசல் அக்கதேமியா அருங்காட்சியகத்தில், முன்பதிவு இல்லாமல் போனால் நீண்ட வரிசை. ஓர்சான்மிக்கேலேக்குப் பக்கத்தில் இருக்கும் சிஞ்ஞோரியா சதுக்கத்தில், அது முதலில் நின்ற இடத்தில், 1910-இல் வைத்த பிரதி நிற்கிறது. பிரதி உயிரோட்டத்தில் அசலுக்கு வெகுதூரம் பின்னால்தான். ஆனால் மலைபோன்ற ஒரு அரண்மனைச் சுவருக்கு முன்னால் அந்த உடல் என்ன அளவில் தெரிந்தது என்பதை அக்கதேமியாவின் கூடத்தில் பார்க்க முடியாது. பேராலயத்தின் மேல்பகுதியில் வைக்கத்தான் 1501-இல் கேட்டார்கள் என்பது உறுதி. முடிந்தபின் எங்கே வைப்பது என்று 1504-இல் கூடிய குழுவில் லியோனார்தோவும் போத்திச்செல்லியும் இருந்தார்கள் என்பதும் உறுதி. தலையும் கையும் பெரிதாக இருப்பது உயரத்தில் வைப்பதற்காகவே என்று எல்லோரும் சொல்வது நல்ல ஊகம், அவ்வளவுதான்.

ஆர்னோ ஆற்றைத் தாண்ட எல்லோரும் போந்தே வெக்கியோவுக்குப் போவார்கள். நீங்கள் அடுத்த பாலமான சாந்தா திரினித்தாவில் தாண்டுங்கள். கூட்டம் குறைவு, 1345-இல் கட்டிய போந்தே வெக்கியோவை முழுதாகப் பார்க்க அதுதான் சரியான இடம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரின் மற்ற எல்லாப் பாலங்களையும் தகர்த்தது. நீங்கள் நிற்கும் பாலத்தை ஆற்றிலிருந்து எடுத்த கற்களையும் சேர்த்து 1958-இல் பழையபடியே திரும்பக் கட்டினார்கள்.

அக்கரையில் கார்மினே ஆலயம், அதன் ஓரத்தில் பிரான்காச்சி சிற்றாலயம். ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். 1420-களில் மசோலினோவும் மசாச்சோவும் சேர்ந்து வரைந்தார்கள். மசாச்சோ ரோமுக்குப் போய் 1428-இல் இறந்துவிட்டார். அறுபது வருடம் போல் கழித்து ஃபிலிப்பீனோ லிப்பி முடித்தார். நுழைவு வளைவின் வலப்பக்கம் மசோலினோவின் ஆதாமும் ஏவாளும் நிதானமாக, அழகாக நிற்பார்கள். அதற்கு நேர் எதிரே மசாச்சோவின் ஆதாமும் ஏவாளும் சொர்க்கத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள்: ஆதாம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்துகிறான், ஏவாள் வாய்விட்டு ஓலமிடுகிறாள், தரையில் நிழல் விழுகிறது. ஒரே அறை, ஒரே காலம், இரண்டு கைகள். கலை வரலாறு எதுவும் தெரியாமலே உங்களுக்கு வேறுபாடு புரியும். இடப்பக்கச் சுவரின் பெரிய ஓவியத்தில், வரி கேட்கும் ஆளுக்கு முன் இயேசுவும் சீடர்களும் நிற்கும் காட்சியில், வெளிச்சம் வரும் திசையைக் கவனியுங்கள். பீடத்துக்கு மேலிருக்கும் நிஜ ஜன்னலின் பக்கத்திலிருந்தே வருவதாக வரைந்திருக்கிறார். 1427-இல் ஃப்ளாரன்ஸ் கொண்டுவந்த சொத்துவரியைத்தான் இது குறிக்கிறது என்பார்கள். எனக்கு அது போதுமான ஆதாரமுள்ள வாதமாகத் தெரியவில்லை.

கடைசியாகச் சாந்தோ ஸ்பிரித்தோ, அங்கிருந்து சில நிமிட நடை. வெளியே வெறும் பூச்சு முகப்பு. உள்ளே புருனெல்லெஸ்கியின் கடைசிப் பெரிய ஆலயம். அவர் 1446-இல் இறந்தபோது தூண்கள் வர ஆரம்பித்திருந்தன, மற்றவர்கள் முடித்தார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் கல்லில் தூணும் வளைவும். தூண்களுக்கு நடுவில் நடந்து பாருங்கள். எல்லா அளவும் ஒரே சதுரத்தின் மடங்குகள் என்பதால், ஒரு தூண் கடந்ததும் அடுத்தது எங்கே வரும் என்று கால் கண்டுபிடித்துவிடும். ஓரத்துச் சிற்றாலயங்களின் வளைவு வெளியிலும் அலை அலையாகத் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் நேர்ச்சுவரால் மூடிவிட்டார்கள். அம்மா இங்கே உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம், மாலையில் கூட்டம் இருக்காது.

நேரம் போதாவிட்டால் முதலில் சிஞ்ஞோரியாவை விடுங்கள், அடுத்து ஓர்சான்மிக்கேலேயை. திரித்துவம், குவிமாடம், பிரான்காச்சி மூன்றையும் விடாதீர்கள். குவிமாட டிக்கெட் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஜோத்தோ தொடங்கிய மணிக்கூண்டில் ஏறுங்கள். அங்கே 414 படி, நடுநடுவே நின்று மூச்சு வாங்கத் தளங்கள் உண்டு, குவிமாடம் முழுதாகக் கண்முன் நிற்கும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ரயில் நிலையத்துக்கு அம்மா நடக்க வேண்டாம். ஓடும் டாக்ஸியைத் தெருவில் கைகாட்டி நிறுத்துவது அங்கே வழக்கமில்லை, ஸ்டாண்டுக்குப் போய் ஏறுங்கள் அல்லது ஒரு கடையில் சொல்லி ஃபோன் செய்யச் சொல்லுங்கள்.